லோடு ஏறிப் போன கிலுகிலுப்பை

எங்கள் பக்கத்தில் போனில் யாரோடு பேசினாலும், வைக்கிற நேரத்தில் "ஒரு தடவை வீட்டுக்கு வாங்க" என்று சொல்லித்தான் வைப்போம். சொல்லாமல் வைத்தால் மரியாதையில்லை. கேட்கிறவரும் "ஆகட்டும், வாரோம்" என்பார். அதோடு முடிந்தது. யாரும் பெட்டியைக் கட்டிக்கொண்டு கிளம்புவதில்லை. இங்கிலாந்தில் அப்படி இல்லை என்பது எனக்குத் தெரியாமல் போயிற்று.

என் மகள் ஷீலா அங்கே கடற்கரையோர ஊர் ஒன்றில் நர்ஸாக இருக்கிறாள். பக்கத்து வீட்டில் ரூத் என்று ஒரு அம்மா. என் வயதுதான் இருக்கும். ஷீலா வீடியோவில் பேசும்போது சில நாள் அந்த அம்மாவும் வந்து எட்டிப் பார்ப்பார். நான் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு தலையை மட்டும் ஆட்டுவேன். புது முகத்தைப் பார்த்தாலே எனக்கு நாக்கு உள்ளே போய்விடும். ஐந்தாம் வகுப்பில் எல்லோர் முன்னாலும் வாய்ப்பாடு ஒப்பிக்கச் சொன்ன நாளிலிருந்து அப்படித்தான். அதோடு நான் படிப்பையும் நிறுத்திக்கொண்டேன்.

ஒரு நாள் ரூத் அம்மா ஒரு படத்தைக் காட்டினார். வெள்ளைச் சிறகில் சிவப்பும் கறுப்புமாகப் புள்ளி வைத்த சின்னப் பூச்சி. அந்துப்பூச்சி வகையாம், ஆனால் பகலிலும் பறக்குமாம். சில வருடம் முன்னால் அவர் தோட்டத்தில் ஒரு மத்தியானம் வந்து உட்கார்ந்திருக்கிறது. காமிராவை எடுக்க உள்ளே போய்த் திரும்புவதற்குள் பறந்துவிட்டது. அவர் ஊரில் பூச்சி பார்க்கிறவர்களுக்கென்றே ஒரு சங்கம் உண்டாம். அங்கே போய்ச் சொன்னால், "வேறு எதையாவது பார்த்திருப்பீர்கள்" என்று அன்பாகச் சொல்லி, டீயும் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். அது வெயில் நாட்டுப் பூச்சி, இவ்வளவு வடக்கே வருவது அபூர்வம், படம் இல்லாமல் ஏற்க முடியாது என்று. அன்றிலிருந்து அந்த ஒரு பூச்சியை நினைத்து நினைத்து, கடைசியில் தான் பார்த்தது மெய்யா பொய்யா என்று அவருக்கே சந்தேகம் வந்துவிட்டது.

இதையெல்லாம் ஷீலா எனக்குச் சொன்னாள். எனக்கு அந்த அம்மாவைப் பார்க்கப் பாவமாக இருந்தது. வாய் தானாகத் திறந்துவிட்டது.

"இதா? இது நம்ம வீட்டுக்குப் பின்னால கிலுகிலுப்பைச் செடியில அம்புட்டுக் கெடக்கே. ஒரு தடவை வீட்டுக்கு வாங்க, காட்டுதேன்" என்றேன். போனையும் வைத்துவிட்டேன்.

தை மாதம் ரூத் அம்மா வந்து இறங்கினார்.

அதற்கு முன்னால் ஷீலா போன் செய்து, "அம்மா, நீ சொன்னத நம்பி வராங்க. மூணு நாள்தான் நம்ம ஊர்ல. காட்டிருவியா?" என்று கேட்டாள். உடனே, விருந்தாளி வருகிறபோது எங்கள் பக்கத்துப் பெண்கள் எதைச் செய்வார்களோ அதைச் செய்தேன். வீட்டைச் சுத்தம் பண்ணினேன். முருங்கை மரத்தின் அடிக்குச் சுண்ணாம்பு பூசினேன். புறவாசலில் முழங்கால் உயரம் வளர்ந்து கிடந்த செடிகொடியெல்லாம் பிடுங்கி, கொளுத்தி, தரையைச் சாணி போட்டு மெழுகினேன். இடுப்பு வலிக்குத் தைலம் தேய்த்துக்கொண்டு படுக்கும்போதுகூட எனக்கு ஒன்றும் உறைக்கவில்லை.

மொழிபெயர்க்க என் அண்ணன் மனைவி ரோஸ்லின் மதினி கூட வந்திருந்தார். இங்கிலீஷ் டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் வாய் ஓய்வு பெறவில்லை. ரூத் அம்மா இட்லியும் சாம்பாரும் சாப்பிட்டு, கை கழுவி, தொப்பியை மாட்டிக்கொண்டு, காமிராவைக் கழுத்தில் போட்டுக்கொண்டு என்னைப் பார்த்துச் சிரித்தார். நான் புறவாசல் கதவைத் திறந்தேன்.

தரை கண்ணாடி மாதிரி இருந்தது.

ரூத் அம்மா பார்த்தார். மதினி பார்த்தார். நானும் அப்போதுதான் பார்த்தேன்.

"ஏ ஞானம், செடி எங்க?"

"பிடுங்கிட்டேன் மதினி."

"எதுக்கு?"

"இவுக வராகன்னு."

மதினி இதை இங்கிலீஷில் சொல்ல எடுத்துக்கொண்ட நேரத்தில் ஒரு பிரசங்கமே செய்திருக்கலாம். ரூத் அம்மா எல்லாவற்றையும் கேட்டு, முருங்கை மரத்துச் சுண்ணாம்பைத் தொட்டுப் பார்த்து, "மிக அழகாக இருக்கிறது" என்றாராம். நான் அடுக்களைக்குள் போய் நின்றுகொண்டேன்.

பிறகு ரூத் அம்மா பாயில் ஒரு வரைபடத்தை விரித்துக் காட்டினார். அந்தப் பூச்சி இயல்பாக வாழும் இடத்துக்கெல்லாம் மஞ்சள் பூசியிருந்தது. ஆப்பிரிக்கா முழுக்க மஞ்சள், ஐரோப்பாவின் தெற்கு ஓரம் மஞ்சள், அரபு நாடு, அப்படியே நம் நாடு. அவர் ஊர் இருக்கும் தீவு மட்டும் வெறும் வெள்ளை. தெற்குக் காற்று பலமாக அடிக்கிற வருடத்தில் ஒன்றிரண்டு கடல் தாண்டி வந்துவிடுமாம். வந்தாலும் குளிர் தாங்காது, பிழைக்காதாம். நான் எங்கள் மாவட்டம் எது என்று கேட்டேன். மதினி சுண்டுவிரல் நுனியை வைத்தார். விரல் எடுத்த இடமெல்லாம் நல்ல மஞ்சள். இந்த மஞ்சளுக்கு நடுவில், சரியாக என் வீட்டுப் புறவாசலில் மட்டும்தான் பூச்சி இல்லை.

"இதன் பெயர் உங்கள் மொழியில் என்ன?" என்று ரூத் அம்மா கேட்டார்.

நான் யோசித்துப் பார்த்தேன். பேர் எதுவும் கிடையாது. "பூச்சி" என்றேன். அவர் அதை இரண்டு தடவை சொல்லிப் பார்த்துக்கொண்டார்.

சாயங்காலம் தெருவில் வேறு செடி இருக்கும் என்று நடந்தோம். எங்கள் தெருவை எனக்கே அடையாளம் தெரியவில்லை. வெள்ளைக்கார அம்மா வருகிறார் என்று சர்ச்சில் பாஸ்டர் ஐயர் அறிவித்திருந்தார் போல. இரண்டு ஓரமும் புல் செதுக்கி, கோடு போட்ட மாதிரி பிளீச்சிங் பவுடர் தூவியிருந்தார்கள். சர்ச் காம்பவுண்டிலும் அதே கதை. மந்திரி வந்தால்கூட இவ்வளவு நடக்காது. ஒவ்வொரு வீட்டுக்காரரும் வாசலில் நின்று தங்கள் சுத்தத்தைக் கையால் காட்டிக் கும்பிட்டார்கள். ரூத் அம்மா எல்லோருக்கும் திருப்பிக் கும்பிட்டுக்கொண்டே, கண்ணால் புல்லைத் தேடிக்கொண்டே நடந்தார். அப்படியொரு சோகமான ஊர்வலத்தை நான் பார்த்ததில்லை.

மறுநாள் விருதுநகருக்குக் கிளம்பினோம். மதினிக்குத் தம்பி முறை, சித்தப்பா மகன், அங்கே பருப்பும் மிளகாய் வத்தலும் மொத்த வியாபாரம் பண்ணுகிறார். அவர் சரக்கு வைக்கிற கிட்டங்கிக்குப் பின்னால் வெகு நாளாகச் சும்மா கிடக்கிற மனை ஒன்று உண்டு, முழுக்கச் செடிதான் என்றார் மதினி.

பஸ்ஸுக்கு நிற்கும்போது ஒரு சங்கடம். ரூத் அம்மா போகிற வருகிற எல்லாருக்கும் சந்தோஷமாகக் கையை ஆட்டுவார். அவர் ஊர் வழக்கம் போல. எங்கள் ரோட்டில் கையை ஆட்டினால் வண்டி நிற்கும். முதலில் ஒரு மினி பஸ் நின்றது. பிறகு ஒரு பால் வண்டி. பிறகு ஆலங்குளத்திலிருந்து வந்த சிமெண்ட் லாரி ஒன்று புழுதியைக் கிளப்பிக்கொண்டு பிரேக் போட்டது.

"எங்கம்மா போகணும்?" என்றார் டிரைவர்.

"எங்கயும் இல்லப்பா, சும்மா வணக்கம் சொல்றாக" என்றார் மதினி.

"இதுக்குத்தான் இம்புட்டு லோடோட நிறுத்துனேனா?" என்று அவர் திட்டப் போனார். அதற்குள் ரூத் அம்மா மறுபடி கையை ஆட்டினார். டிரைவர் சிரித்துவிட்டு, அவரும் ஆட்டிவிட்டுப் போனார். அதன் பின் நான் ரூத் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பாசத்தால் என்று அவர் நினைத்தார். இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

கிட்டங்கி வாசலில் மதினியின் தம்பி சட்டைப் பையில் பேனாவோடும் முகத்தில் கலவரத்தோடும் நின்றார். வெளிநாட்டு அம்மா பூச்சி பார்க்க வருகிறார் என்று மதினி போனில் சொல்லியிருந்தார். அவருக்கு அது எப்படிக் கேட்டிருக்கும்? பருப்பில் அந்து விழுந்திருக்கிறதா என்று சோதிக்க வருகிறார்கள் என்று நினைத்துவிட்டார்.

"மேடம், நம்ம கிட்டங்கில பூச்சிங்கற பேச்சே கிடையாது. எந்த மூட்டைய வேணும்னாலும் குத்திப் பாருங்க" என்று, சாக்கில் குத்திப் பருப்பு எடுத்துப் பார்க்கிற இரும்புக் குழலை ரூத் அம்மா கையில் கொடுத்தார்.

ரூத் அம்மா வாங்கிக்கொண்டார். எதைக் கொடுத்தாலும் மரியாதையாக வாங்கிக்கொள்வார். ஆனால் அடுத்த அடுக்கில் இருந்தது வத்தல். அவர் மூச்சை இழுத்தார். தும்மல் தொடங்கியது. பாவம், தொப்பி ஒரு பக்கம், குழல் ஒரு பக்கம். தும்மலுக்கு நடுவில் ஏதோ சொன்னார்.

"என்ன சொல்றாக?" என்று கேட்டார் தம்பி.

"வத்தல் நல்ல காரம்னு சொல்றாக" என்றார் மதினி.

தம்பிக்குப் பாதி உயிர் வந்தது. பின்பக்க மனையைப் பற்றிக் கேட்டதும் மீதி உயிரும் வந்துவிட்டது. "அதையும் விட்டு வைப்பேனாக்கா? நேத்தே ஆளு விட்டு மருந்து அடிச்சாச்சு. ஒரு எறும்பு கெடையாது, வந்து பாருங்க!"

போய்ப் பார்த்தோம். ஒரு எறும்பு கிடையாது.

மத்தியானம் பரோட்டா சாப்பிடப் போனோம். விருதுநகருக்கு வந்துவிட்டு அதைச் சாப்பிடாமல் போனால் ஊர்க்காரர்கள் வருத்தப்படுவார்கள். கல்லில் நிறைய எண்ணெய் விட்டு அதில் பரோட்டாவை முங்க விட்டு எடுப்பார்கள், மேலெல்லாம் மொறுமொறு என்று இருக்கும். எண்ணெயில் பரோட்டா நீந்துவதை ரூத் அம்மா எழுந்து போய் நின்று பார்த்தார். அவர் ஊரில் ரொட்டிக்கு வெண்ணெயைக் கத்தி நுனியால் தடவுவார்களாம், அதற்கே டாக்டர் கண்டிப்பாராம். முதல் பரோட்டாவைப் பயந்துகொண்டு சாப்பிட்டார். அடுத்ததைப் பயமில்லாமல் சாப்பிட்டார். அதற்கும் அடுத்தது வந்தபோது, "ஷீலாவிடம் சொல்ல வேண்டாம்" என்று சைகை காட்டினார். அந்தச் சைகைக்கு மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை. நான் வாயை மூடாமல் சிரித்தது அப்போதுதான்.

திரும்பும்போது பஸ்ஸில் அவர் ஜன்னல் பக்கம் தலையைச் சாய்த்துக்கொண்டு வந்தார். ரோட்டோரமெல்லாம் சீமைக்கருவேலம்தான் ஓடியது. அம்புட்டுக் கிடக்கிறது என்று சொன்னவள் நான். பொய் சொன்ன கிழவி என்று பேர் வந்தால் எனக்கு வரட்டும், அங்கே ஷீலாவுக்கு அல்லவா வரும்.

"மதினி, நாளைக்கு அச்சங்குளம் போவோம். நான் வேலை பாத்த கம்பெனி. ஷெட்டுக்கும் வேலிக்கும் நடுவுல கிலுகிலுப்பை அடைஞ்சு கெடக்கும். ஆனா போன் மட்டும் பண்ணிராதீக" என்றேன்.

"சரி சரி" என்றார் மதினி.

அவர் போன் பண்ணிவிட்டார். காலையில் பஸ்ஸில் வைத்துத்தான் சொன்னார். "சொல்லாமக் கொள்ளாமப் போய் நிக்கிறதுக்கு நாம என்ன ரெய்டுக்கா போறோம்? எங்க அப்பா என்னைய அப்படி வளக்கல."

நான் டிக்கெட்டை முந்தானையில் முடிந்துகொண்டேன்.

அச்சங்குளத்துக் கம்பெனியில் நான் பல வருடம் திரி வெட்டியவள். பட்டாசுக் கம்பெனிக்குள் போகிற முறை வெளியூர்க்காரர்களுக்குப் புதுசாக இருக்கும். தீப்பெட்டி, போன், காமிரா எதுவும் உள்ளே போகக்கூடாது. எல்லாவற்றையும் கேட்டில் வாட்ச்மேனிடம் கொடுத்துவிட வேண்டும். பிறகு செம்புத் தகட்டைத் தொட வேண்டும், உடம்பில் இருக்கிற மின்சாரம் தரைக்குப் போய்விடுமாம். ரூத் அம்மா காமிராவைக் கழற்றிக் கொடுத்தார், பிள்ளையைக் கொடுக்கிற மாதிரி. எங்கள் மூன்று பேர் போனும் அதோடு போயிற்று. தகட்டைத் தொட்டு ஜெபம் பண்ணுகிறவர் மாதிரி கண்ணை மூடினார் ரூத் அம்மா. என்ன என்று கேட்டதற்கு, "இன்றைக்காவது" என்றாராம்.

போர்மேன் பாண்டி ஓடி வந்தார். நான் வேலையில் இருந்தபோது புதுசாகச் சேர்ந்தவர். இப்போது தொப்பை வைத்திருக்கிறார்.

"யக்கா, நல்லாருக்கீகளா? மேடத்த உள்ள கூட்டியாங்க. எப்படி வச்சிருக்கேன்னு பாருங்க!"

ஷெட்டுக்கும் வேலிக்கும் நடுவில் இருந்த அந்த இடம், மொட்டை போட்ட தலை மாதிரி இருந்தது. ஓரத்தில் சுண்ணாம்புக் கோடு வேறு.

"ரெண்டு நாளா ஆளுக பிடுங்கிட்டே கெடந்தாக. மழைக்கு அம்புட்டு மொளைச்சிருச்சு. எப்படியும் எடுக்கணும், காஞ்சா தீப்பிடிக்கும், ரூலும் அப்படித்தான். மேடம் வராகன்னு டீச்சர் நேத்து சொன்னாகளா, இன்னைக்குக் காலையிலயே முடிச்சிட்டோம். எங்கயாச்சும் ஒரு புல்லு இருந்தாச் சொல்லுங்க பாப்போம்!"

ரூத் அம்மா ஷெட்டு நிழலில் இருந்த கல்லில் உட்கார்ந்தார். மெதுவாக ஏதோ சொன்னார். மதினி மொழிபெயர்க்கவில்லை. மூன்று நாளில் முதல் தடவையாக அவர் வாய் மூடியிருந்தது.

"என்ன மதினி சொல்றாக?"

"என் கண்ணுதான் பொய் சொல்லியிருக்கும், சங்கத்துல சொன்னதுதான் சரின்னு சொல்றாக" என்றார். "விடு ஞானம்."

பாண்டிக்கு ஒன்றும் புரியவில்லை. சுத்தமாக இருந்ததில் ஏதோ குறை கண்டுபிடித்துவிட்டார்கள் என்று நினைத்து, முகம் வாடி நின்றார். "ஏன், கோடு கோணலா இருக்கா?" என்று என்னிடம் கேட்டார்.

ரூத் அம்மா எழுந்தார். எழும்போது கல்லுக்குப் பின்னால் குனிந்து எதையோ எடுத்தார். லோடு ஏற்றும்போது சிந்தின ஒரு கிளை. வாடிப்போன கிலுகிலுப்பை, நாலைந்து காயோடு. ஆட்டினால் உள்ளே விதை கிலுகிலு என்றது. ஒரு காயில் ஓட்டை. ஓட்டைக்குள்ளிருந்து ஒரு புழு, கறுப்பு உடம்பில் வெள்ளையும் செம்மஞ்சளுமாகப் புள்ளி வைத்துக்கொண்டு, யார் என் வீட்டை ஆட்டுவது என்கிற மாதிரி தலையை நீட்டியது.

ரூத் அம்மா போட்ட சத்தத்தில் ஷெட்டுக்குள் வேலை செய்த பெண்களெல்லாம் வெளியே ஓடி வந்துவிட்டார்கள். பட்டாசுக் கம்பெனியில் யாரும் அப்படிக் கத்தக் கூடாது.

மதினி படபடவென்று மொழிபெயர்த்தார். "இதுதானாம்! இதோட புழுதானாம்! செடி வாடுனா அந்த வாடைக்குப் பூச்சி இன்னும் கூட்டமா வருமாம்! பிடுங்குன செடி எங்கன்னு கேக்காக!"

"அதுவா? லோடு ஏத்தியாச்சே" என்று பாண்டி கையைக் காட்டினார். கேட்டுக்கு வெளியே ஒரு டிராக்டர், பச்சை மலை மாதிரிச் செடியைச் சுமந்துகொண்டு ரோட்டில் திரும்பிக்கொண்டிருந்தது.

"பிடிங்க அத!" என்றார் மதினி.

கம்பெனியில் அட்டைப்பெட்டி இறக்கின குட்டியானை வண்டி ஒன்று காலியாக நின்றது. டிரைவர் சாப்பிடப் போயிருந்தார். பாண்டியே ஏறி உட்கார்ந்தார். மதினி முன்னால் ஏறினார். நானும் ரூத் அம்மாவும் பின்னால், யானை மேல் ஏறுகிற மாதிரிதான் ஏறினோம். இடுப்பு என்ன ஆகும் என்று நினைக்க நேரமில்லை.

டிராக்டர் மெதுவாகப் போகிற வண்டி. எளிதாகப் பிடித்துவிடலாம் என்றுதான் இருந்தோம். ஆனால் அது போன பிறகு ரயில்வே கேட் மூடிக்கொண்டது. கேட்டுக்கு அந்தப் பக்கம் டிராக்டர் எங்கள் கண் முன்னாலேயே அசைந்து அசைந்து போகிறது. இந்தப் பக்கம் வெள்ளரிக்காய் விற்கிற பெண் வண்டியோடு வந்து ஒட்டிக்கொண்டாள். காயைக் கீறி மிளகாய்ப்பொடி தடவி ரூத் அம்மா கையில் வைத்தாள். எதைக் கொடுத்தாலும் வாங்கிக்கொள்கிறவர், கடித்துவிட்டு மறுபடி தும்மினார். சரக்கு ரயில் வந்தது. அது எப்போது முடியும் என்று வெள்ளரிக்காய்க்காரிக்கும் தெரியவில்லை.

"எங்க கொண்டு போறான் பாண்டி?" என்று கத்தினேன் நான். நான் கத்தினதைப் பாண்டி திரும்பிப் பார்த்தார்.

"ஓடைப் பக்கம்க்கா. கம்பெனிக்கிட்டக் கொளுத்தக் கூடாதுல்ல, அதான் தள்ளிக் கொண்டுபோய்க் கொளுத்தச் சொல்லிருக்கேன்."

"கொளுத்தவா!"

மதினி இதை மொழிபெயர்க்க வேண்டாம் என்று நான் கண்ணைக் காட்டினேன். அவர் அதற்குள் மொழிபெயர்த்துவிட்டார்.

கேட் திறந்ததும் பாண்டி ஓட்டின ஓட்டத்தில் நானும் ரூத் அம்மாவும் ஒருவரை ஒருவர் கட்டிக்கொண்டோம். வண்டிப் பாதையில் திரும்பி ஓடையை நெருங்கும்போது லோடு இறங்கிக் குவிந்து கிடந்தது. டிராக்டர் ஓட்டுகிறவன் அடியில் காய்ந்த பனை ஓலையைச் செருகிவிட்டுக் குத்தவைத்து உட்கார்ந்திருந்தான். கையில் தீப்பெட்டி. ஒரு குச்சி உரசினான், பற்றவில்லை. இன்னொன்று உரசினான், அதுவும் பற்றவில்லை. உலகத்துக்கே தீப்பெட்டி செய்து அனுப்புகிற சீமையில், அன்றைக்கு அவன் பையில் இருந்தது மட்டும் ஈரம்.

மூன்றாவது குச்சியை எடுத்தான். பாண்டி ஹாரனை அழுத்தினார். அது வேலை செய்யவில்லை.

எனக்கு என்ன ஆயிற்று என்று தெரியவில்லை. ஓடுகிற வண்டியில் எழுந்து நின்றேன்.

"ஏலே! கொளுத்தாதலே! தீப்பெட்டியக் கீழ போடுலே!"

அது என் குரல்தானா என்று எனக்கே சந்தேகம். ஓடைக்கு அப்பால் மேய்ந்த ஆடுகள் நின்று பார்த்தன. அவன் தீப்பெட்டியைக் கீழே போட்டு, இரண்டு கையையும் தூக்கிவிட்டான்.

"ஆத்தா, நான் ஒண்ணும் பண்ணல. போர்மேன்தான் கொளுத்தச் சொன்னாக!"

"போர்மேன் இந்தா வாரேன், எந்திரிடா" என்றார் பாண்டி.

எல்லோரும் குவியலைச் சுற்றி உட்கார்ந்தோம். வெயில் ஏறியது. வாடின செடியிலிருந்து கசப்பாக ஒரு வாடை வந்தது. முதலில் ஒன்றும் இல்லை. ஈ பறந்தது. பாண்டி வாட்சைப் பார்த்தார். நான் மனதுக்குள் ஜெபம் பண்ணினேன். ஒரு பூச்சிக்காக ஆண்டவரைத் தொந்தரவு செய்யலாமா என்று கூச்சமாகத்தான் இருந்தது.

ரூத் அம்மா ஒரு விரலால் மேலாக இருந்த கிளையைத் தூக்கினார்.

ஒன்று எழுந்தது. மெல்லிய வெள்ளைத் துணியில் சிவப்பும் கறுப்புமாக அச்சடித்த துண்டு ஒன்று காற்றில் பறந்த மாதிரி. பறந்து இரண்டடி தள்ளி உட்கார்ந்தது. பிறகு இன்னொன்று. கிளையை ஆட்ட ஆட்ட, அங்கொன்றும் இங்கொன்றுமாக எழுந்துகொண்டே இருந்தன. ஒன்று எழுந்து வந்து பாண்டியின் தொப்பையில் உட்கார்ந்தது. அவர் மூச்சு விடாமல் நின்றார்.

ரூத் அம்மாவின் கை கழுத்துக்குப் போனது. அங்கே காமிரா இல்லை. கேட்டில் இருந்தது. எங்கள் போன்களும் கேட்டில். பாண்டியின் போன் ஆபீஸில். டிராக்டர்க்காரனைப் பார்த்தோம். "கேட்ல தீப்பெட்டிய மட்டுந்தான் வாங்கிட்டு வந்தேன், போனத் திரும்பிப் போறப்பத்தான் வாங்கணும்" என்றான். கம்பெனி ரூலை எங்களைப் போல் ஒருவரும் மதித்திருக்க மாட்டார்கள்.

திரும்பிப் போய் எடுத்து வரலாம் என்று பாண்டி சொன்னார். ரூத் அம்மா வேண்டாம் என்று தலையாட்டினார். போன தடவை காமிராவை எடுக்க உள்ளே போனதால்தான் அதைச் சரியாகப் பார்க்காமல் விட்டேன், இந்தத் தடவை பார்க்கிறேன் என்றாராம். தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, கண் கொட்டாமல் பார்த்தார். கண்ணில் தண்ணீர். கொஞ்சம் மிளகாய்ப்பொடியும் காரணமாக இருக்கலாம்.

பிறகு ஒவ்வொருவரையும் கேட்டார். "நீங்கள் பார்த்தீர்களா?"

"பாத்தேன் மேடம். செவப்புப் புள்ளி" என்றார் பாண்டி. "இதுக்குன்னு முன்னாடியே சொல்லியிருந்தா வரிசையா வளத்தே வச்சிருப்பேனே. அடுத்த வருசம் வாங்க."

"பாத்தேன்" என்றான் டிராக்டர்க்காரன், இன்னும் கையை முழுசாக இறக்காமல்.

என்னைக் கேட்டார். நான் முந்தானையை வாயிலிருந்து எடுத்துவிட்டு, "பாத்தேன். நல்லாப் பாத்தேன்" என்றேன்.

அந்தக் குவியலைக் கொளுத்தவில்லை. பாண்டி அதைச் சுற்றி நாலு கல் வைத்துவிட்டு வந்தார்.

மறுநாள் காலையில் கார் வந்தது. ரூத் அம்மா என்னைக் கட்டிப்பிடித்து, "இங்கிலாந்துக்கு வாருங்கள்" என்றார். நானும் பழக்கத்தில் "ஆகட்டும், வாரேன்" என்று சொல்லிவிட்டேன். கார் தெரு முனை திரும்பின பிறகுதான் யாரிடம் சொன்னேன் என்பது நினைவுக்கு வந்தது.

போன வாரம் ஷீலா பேசினாள். ரூத் அம்மா சங்கத்தில் போய் நடந்ததைச் சொல்லியிருக்கிறார். இப்படி ஒரு புழு, இப்படி ஒரு லோடு, வெயிலில் அத்தனை பூச்சி. என் தோட்டத்துக்கு வந்ததும் அதுவேதான், இனி எனக்குச் சந்தேகமில்லை என்று. அங்கே ஒருவர் எழுந்து, "படம் இருக்கிறதா?" என்று கேட்டாராம். "படம் இல்லை. சாட்சி இருக்கிறது. கோடையில் நேரில் வருகிறார்" என்றாராம் ரூத் அம்மா.

"எல்லார் முன்னாலயும் நின்னு நீ பாத்தேன்னு சொல்லணுமாம். டிக்கெட்டெல்லாம் பாத்தாச்சு. மாட்டேன்னு சொல்லிராதம்மா" என்றாள் ஷீலா.

மொழிபெயர்க்கத் தானும் வருவதாகச் சொல்லி மதினி இப்போதே பாஸ்போர்ட் போட்டோவுக்குச் சேலை பார்க்கிறார். நான் ஒரு பகல் முழுக்க யோசித்தேன். வாய்ப்பாடு ஒப்பிக்காமல் ஓடி வந்தவள். ஆனாலும் கண்ணால் பார்த்ததைச் சொல்வதற்கு என்ன வாய்ப்பாடு வேண்டும்?

"வாரேன்னு சொல்லு" என்றேன். "ஆனா அந்தம்மாகிட்ட ஒண்ணு மட்டும் கண்டிப்பாச் சொல்லிரு. நான் வாரேன்னு தோட்டத்தச் சுத்தம் பண்ணிராம இருக்கணும்."